பயிரை அறியக் கற்கும் இயந்திரங்கள்

பண்டாரவளைக் கமக்காரரே! பெரும்போக நெல் அறுத்த வயலில் நீங்கள் இட்ட உருளைக்கிழங்கின் இலையிற் புள்ளி கண்டால், கைத்தொலைபேசியிற் படமெடுத்து நோயின் பெயரைக் கேட்டறிய இப்போது வழியுண்டு. அவ்விடையை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு, இயந்திரம் கற்கும் முறையை முதலில் அறிதல் வேண்டும்.

செயற்கை நுண்ணறிவுள்ள இயந்திரத்துக்கு, இது களை, இது பயிர் என்று விதி எழுதிக் கொடுப்பதில்லை. பெயரிட்ட படங்கள் ஆயிரக்கணக்கிற் காட்டப்படுகின்றன. அது பிழையாகச் சொல்லுந்தோறும் அதன் உட்கணக்கு சிறிது திருத்தப்படுகின்றது. 2011 இல் அமெரிக்காவிலே தொடங்கிய புளூ ரிவர் நிறுவனத்தார், முதலிற் சலாதுப் பாத்தியை ஐதாக்கும் இயந்திரத்தையும், பின்னர் பருத்தி வயலிற் களையை மாத்திரம் கண்டு மருந்து தெளிக்கும் இயந்திரத்தையும் ஆக்கினர்.

இவற்றுக்குப் புதுவேலை கற்பிப்பதில் ஒரு சங்கடமுண்டு. புதுப் படங்களை மாத்திரம் காட்டினாற் பழையதைப் பெரிதும் மறந்துவிடும். 1989 இலேயே மக்கிளோஸ்கி, கோயன் என்போர் இக்குறையை எடுத்துக்காட்டினர். ஆகவே பழைய படங்களையும் கலந்தே கற்பிக்கின்றனர். கிழங்கு கிண்டப் பழகிய நம் வேலையாள் நாற்று நடுவதை மறப்பதில்லை!

இன்னுமொன்று கவனிக்கத்தக்கது. 2016 இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில், உருளைக்கிழங்கு, தக்காளி முதலிய 14 பயிர்களின் 54,306 இலைப் படங்கள் பயன்பட்டன. அவற்றுள் ஒதுக்கி வைத்த படங்களைக் காட்டியபோது நூற்றுக்கு 99 சரியாயின. வேறு சூழலில் எடுத்த படங்களிலோ நூற்றுக்கு 31 அளவே சரியாயின. கற்பித்தவை பறித்த இலையை வெறுந்தளத்தில் வைத்தெடுத்த படங்கள். உங்கள் வயலிலோ மண், நிழல், பனித்துளி யாவும் உண்டு.

நெல்வயலிலும் இவ்வாறே. நெல்லைப் போன்ற களைப்புல்லை மேலிருந்து பார்த்து இளமையிற் பிரித்தறிதல் அரிது. இலை மடலோடு சேருமிடத்தில் நெல்லுக்குச் சிறு நா உண்டு, அப்புல்லுக்கு இல்லை. அதை விரலால் விரித்துப் பார்க்கும் கமக்காரர் பிழைவிடார்.

மழைக்காலத்தில் உருளைக்கிழங்கின் பிந்திய வெளிறல் நோய் சில நாட்களிலேயே பாத்தியை அழிக்கவல்லது. பிழையான மருந்தைத் தெளித்துக் காத்திருப்பின் கிழங்கும் பணமும் போம். ஆதலால் தொலைபேசி சொன்ன பெயரைக் கேட்டவுடன் மருந்து வாங்காது, விடியற்காலையில் இலையின் கீழ்ப்புறத்தைப் பாருங்கள். புள்ளியின் ஓரத்தில் வெண்பூஞ்சணம் தோன்றினால் அந்நோயென ஐயுறலாம். புள்ளியினுள் வளையங்கள் தோன்றினால் முந்திய வெளிறலாக இருக்கலாம். நோயுற்ற இலையையும் நல்ல இலையையும் உறையிலிட்டு அன்றே உங்கள் விவசாயப் போதனாசிரியரிடம் கொண்டு செல்லுங்கள். இயலாதாயின் திணைக்களத்தின் 1920 இலக்கத்தை அழையுங்கள்.