கையில் 1

ஒன்பதோடு ஒன்றைக் கூட்டினால் ஒன்றாம் இடத்தில் 0 விழும், பத்தாம் இடத்துக்கு 1 ஏறும். பள்ளிப் பிள்ளைகள் ‘கையில் 1’ என்று சொல்லித் தாண்டிவிடும் இந்தப் படிதான் கணக்கு இயந்திரம் செய்ய முனைந்தவர்களைத் தலைமுறை தலைமுறையாகப் பாடாய்ப் படுத்தியது.

1623-இல் ஜெர்மனியின் வில்ஹெல்ம் ஷிக்கார்ட் வடிவமைத்த கருவியில், ஒரு சக்கரம் முழுச் சுற்று முடித்ததும் அதிலிருக்கும் ஒற்றைப் பல் அடுத்த சக்கரத்தை ஓர் இடம் தள்ளும். சிறு கூட்டல்களுக்கு இது போதும். ஆனால் 99,999-உடன் 1 சேரும்போது எல்லாச் சக்கரங்களும் நகர்ந்தாக வேண்டும். அந்தப் பாரம் முழுவதும் முதல் சக்கரத்தைத் திருப்பும் கையின் மேல் வந்து விழும்.

பிரான்சின் ரூவான் நகரில் வரிக்கணக்கோடு மல்லாடிய தந்தைக்காக 1642-இல் இந்த வேலையில் இறங்கியபோது பிளேஸ் பாஸ்கலுக்கு இருபது வயதுகூட நிரம்பவில்லை. அவர் கண்ட வழி அபாரமானது. சக்கரம் 9-ஐ நெருங்க நெருங்க, எடை கொண்ட ஒரு நெம்புகோல் சிறிது சிறிதாக உயரும். 9 மாறி 0 வந்ததும் அது பிடி விட்டு விழுந்து அடுத்த சக்கரத்தை ஓர் இடம் தள்ளும். தள்ளும் விசையை விழும் எடையே தருவதால் கைக்குப் பாரம் ஏறுவதில்லை. சக்கரங்கள் பின்னோக்கிச் சுற்றாதது மட்டும் குறை. கழித்தலைச் சுற்றுவழியில் கூட்டலாக மாற்றித்தான் செய்ய வேண்டியிருந்தது. பெருக்கலுக்கும் வழி கண்ட லைப்னிட்ஸின் இயந்திரத்திலோ, கையில் நிற்கும் எண்ணைச் சில வேளைகளில் இயக்குபவரே தள்ளிவிட வேண்டும்.

இங்கிலாந்தின் சார்லஸ் பாபேஜ் வேலையை இரண்டாகப் பிரித்தார். 1840-களின் இறுதியில் அவர் வரைந்த இரண்டாம் வேறுபாட்டு இயந்திரத்தில் 31 இலக்க எண்கள் முதலில் கூட்டப்படும். 9-ஐத் தாண்டிய சக்கரத்தின் பக்கத்தில் ஒரு சிறு நெம்புகோல் விலகி நின்று அதைக் குறித்து வைக்கும். பிறகு சுழற்படிக்கட்டு போல அடுக்கிய கைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, குறி இருக்கும் இடத்தில் மட்டும் 1 ஏற்றும். பாபேஜ் காலத்தில் இது உருவாகவில்லை. 1991-இல் லண்டன் அறிவியல் அருங்காட்சியகம் கட்டிப் பார்த்தபோது, அது சரியாகக் கணக்குப் போட்டது.

1946-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் அறிமுகமான எனியாக் கணினியில் பல்சக்கரங்கள் இல்லை. சுமார் 18,000 வெற்றிடக் குழாய்கள் இருந்தன. ஆனாலும் ஒவ்வோர் இலக்கத்துக்கும் பத்து நிலைகள் கொண்ட ஒரு மின்வளையம். வளையம் 9-இலிருந்து 0-க்குத் திரும்பினால் தனிச் சுற்று ஒன்று அதை நினைவில் வைக்கும். அதன் பின்பே அடுத்த இலக்கத்துக்கு மின்துடிப்பு போகும். பாபேஜ் பல்சக்கரங்களில் செய்ய நினைத்த அதே இரு கட்ட வேலை, இங்கே நொடிக்கு 5,000 கூட்டல் என்ற வேகத்தில் நடந்தது.