மலையில் மறைந்த பட்டு வணிகர்

தாய்லாந்துப் பட்டை உலகச் சந்தைக்குக் கொண்டுபோனவர் ஜிம் தாம்சன் என்ற அமெரிக்கர். கட்டடக் கலைஞரான இவர், இரண்டாம் உலகப் போரில் உளவுப் பணியாற்றியபின் பாங்காக்கில் தங்கி, 1948இல் பட்டு நிறுவனம் தொடங்கினார். பான் குருவா என்ற கால்வாயோரக் குடியிருப்பின் நெசவாளர்கள் அவரவர் வீட்டுத் தறியிலேயே நெய்து கொடுத்தார்கள். காஞ்சிபுரம் பக்கத்து நெசவாளர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல. சாயம் போகாத பளிச் நிறங்களே தாம்சன் பட்டின் தனிச்சிறப்பு.

1967 மார்ச்சில், மலேசியாவின் கேமரன் மலையில் நண்பர்களின் பங்களாவுக்கு ஓய்வெடுக்கச் சென்றார். தமிழர்கள் தலைமுறைகளாக உழைத்த தேயிலைத் தோட்டங்களும் அடர்ந்த காடும் சூழ்ந்த, சுமார் 1,500 மீட்டர் உயர மலைவாசத்தலம் அது. மார்ச் 26, ஈஸ்டர் ஞாயிறு. மதியம் மற்றவர்கள் கண்ணயர்ந்திருந்த வேளையில் நடந்து வெளியே போனவர் திரும்பவே இல்லை. சிகரெட் பெட்டியும் மாத்திரை டப்பாவும் பங்களாவிலேயே கிடந்தன. ஆகவே நெடுந்தூரம் போகும் எண்ணம் இருந்திருக்காது.

காவல்துறை, ராணுவம், காட்டை நன்கறிந்த ஒராங் அஸ்லி பழங்குடியினர் என நூற்றுக்கணக்கானோர் தேடினர். மந்திரவாதிகளிடம்கூடக் குறி கேட்டார்கள். ஒரு துணித்துண்டும் அகப்படவில்லை. கடத்தல், புலி, உளவுச் சதி, லாரி விபத்து என்று ஊகங்கள் மட்டும் பெருகின. எதற்கும் உறுதியான சான்று இல்லை. 1974இல் அவர் இறந்துவிட்டதாகச் சட்டப்படி அறிவிக்கப்பட்டது. அவரது பாங்காக் தேக்குமர வீடு இப்போது அருங்காட்சியகம். பட்டு நிறுவனமும் அவர் பெயரிலேயே நடக்கிறது.