லினக்ஸில் ஏன் சில விளையாட்டுகள் ஓடுவதில்லை?

பதினோராம் வகுப்பில் உபுண்டு பாடம் நடத்தும்போது, "இதில் கேம் விளையாடலாமா சார்?" என்று யாராவது ஒரு மாணவர் கேட்டுவிடுவார். சிரித்துக் கடந்துவிட வேண்டிய கேள்வியன்று அது.

விளையாடலாம். விண்டோஸுக்காக எழுதப்பட்ட விளையாட்டுகளை லினக்ஸில் இயக்கும் புரோட்டான் என்ற மென்பொருளை வால்வ் நிறுவனம் 2018இல் வெளியிட்டது. 2022இல் வந்த அதன் ஸ்டீம் டெக் என்னும் கையடக்கக் கருவியும் லினக்ஸில்தான் இயங்குகிறது. ஆனால், இணையவழியில் பலர் மோதும் விளையாட்டுகள் சில லினக்ஸை ஏற்பதில்லை. 'ஏபெக்ஸ் லெஜெண்ட்ஸ்' லினக்ஸில் ஓடிக்கொண்டிருந்த விளையாட்டு. 2024 அக்டோபர் இறுதியில் அது நிறுத்தப்பட்டது. ஏமாற்று நிரல்கள் பெருகியதே காரணம் என்றது நிறுவனம்.

அந்தக் கவலை பொய்யன்று. ஏமாற்றுவோரைப் பிடிக்கும் காவல் நிரல்கள் பல, விண்டோஸின் மையமான கெர்னலுக்குள் அமர்ந்து கண்காணிக்கின்றன. அங்கு நுழையும் நிரலுக்கு மைக்ரோசாஃப்டின் டிஜிட்டல் கையொப்பம் வேண்டும். லினக்ஸிலோ பயனரே கெர்னலைத் திருத்திக்கொள்ளலாம். நாம் வகுப்பில் பெருமையாகச் சொல்லும் அந்தச் சுதந்திரமே காவல் நிரலுக்குச் சிக்கலாகிறது. தனக்குக் காட்டப்படுவது உண்மைதானா என்று அதனால் உறுதிசெய்ய முடியாது.

அதற்காக லினக்ஸ் பயனர் எல்லோரையும் விலக்க வேண்டுமா? சுவருக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் எதிரியின் இருப்பிடத்தைச் சர்வர் நம் கணினிக்கு அனுப்பிவிட்டு, திரையில் மட்டும் மறைத்தால், ஏமாற்று நிரல் அதை நினைவகத்திலிருந்து படித்துவிடும். வினாத்தாளோடு விடைக்குறிப்பையும் கொடுத்துவிட்டு, அதைப் பார்க்காதபடி கண்காணிப்பாளரை நிறுத்துவது போன்றது இது. எதிரி கண்ணில் படும் நிலை வரும்வரை அத்தகவலை அனுப்பாமலிருப்பதே நல்ல வழி. 'வேலரண்ட்' இம்முறையைக் கையாள்கிறது. (அதுவே கெர்னல் காவலும் வைத்து லினக்ஸை விலக்குகிறது என்பது வேறு கதை.) தானாகக் குறிபார்த்துச் சுடும் நிரலை இம்முறை தடுக்காது, ஆட்டத்தின் போக்கைச் சர்வரில் ஆராய்ந்துதான் பிடிக்க வேண்டும்.

கெர்னலுக்குள் பிறர் நிரலை அனுமதிப்பதிலும் ஆபத்து உண்டு. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்னும் பாதுகாப்பு மென்பொருளின் பிழையான புதுப்பிப்பால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. அது விளையாட்டு மென்பொருளன்று. ஆனால் அதுவும் கெர்னலுக்குள் இயங்கியதுதான்.

பரிசுப் போட்டிகளுக்குக் கடுமையான கட்டுப்பாடு இருக்கட்டும். பொழுதுபோக்காக ஆடுவோருக்கு லினக்ஸைத் திறந்துவிடலாம் என்றே தோன்றுகிறது. 'கவுண்டர்-ஸ்ட்ரைக் 2' அப்படித்தான் ஓடுகிறது. ஏமாற்றுவோர் பற்றிய புகார் அதிலும் உண்டு, விண்டோஸில் மட்டும் ஓடுபவற்றிலும் உண்டு.

வகுப்பில் ஏதேனும் ஒரு விளையாட்டை எடுத்து, எந்தத் தகவல் சர்வரிலேயே இருக்க வேண்டும், எது விளையாடுபவரின் கணினிக்கு வரலாம் என மாணவர்களையே பிரித்து எழுதச் சொல்லலாம்.