அலாரம் அடித்த பிறகு

வென்டிலேட்டர்களை எண்ணிய நாடு, அவற்றின் பக்கத்தில் நிற்பவர்களை எண்ண மறந்தது

2020 மே மாதம் பி.எம். கேர்ஸ் நிதியிலிருந்து 50,000 வென்டிலேட்டர்கள் வாங்க 2,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. ஓராண்டு கழித்து, கொரோனாவின் இரண்டாவது அலை நாட்டை உலுக்கிக்கொண்டிருந்தபோது, அனுப்பப்பட்ட இயந்திரங்கள் பொருத்தப்பட்டனவா, இயங்குகின்றனவா என்று உடனடியாகத் தணிக்கை செய்யும்படி பிரதமர் உத்தரவிட்டார். தேவையானால் அவற்றைக் கையாள்பவர்களுக்கு மறுபயிற்சி தரவேண்டும் என்றும் சொல்லப்பட்டது. பல இடங்களில் இயந்திரங்கள் ஓரமாகக் கிடந்ததற்குக் கோளாறு மட்டும் காரணமல்ல. கையாளத் தெரிந்த ஆள் இல்லை.

கையாள்வது என்றால் பொத்தானை அழுத்துவதல்ல. கடுமையான நிமோனியாவில் நுரையீரலின் காற்றறைகளில் நீர் கோத்துக்கொள்கிறது. மல்லாந்து படுத்திருப்பவருக்கு முதுகுப் பக்க நுரையீரல் அமுங்கிவிடுகிறது. அவரைக் குப்புறப் படுக்கவைத்தால் அந்தப் பகுதி விரிந்து ஆக்சிஜன் ஏறும். பிரெஞ்சு டாக்டர்கள் முன்னின்று 466 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு 2013இல் வெளியாயிற்று. மல்லாந்து படுத்திருந்தவர்களில் 28 நாட்களுக்குள் இறந்தவர்கள் 32.8 சதவீதம். தொடர்ந்து குறைந்தது 16 மணி நேரம் குப்புறப் படுக்கவைக்கப்பட்டவர்களில் 16 சதவீதம். புதிய மருந்து இல்லை, புதிய இயந்திரமும் இல்லை. ஆனால் ஆய்வில் பங்கேற்ற தீவிர சிகிச்சைப் பிரிவுகள் அனைத்தும் ஐந்தாண்டுகளுக்கு மேல் இந்த வேலையில் பழகியவை.

பழக்கம் ஏன் தேவை? நினைவிழந்த ஒருவரைப் புரட்ட நான்கைந்து பேர் வேண்டும். ஒருவர் தலைமாட்டில் நின்று சுவாசக் குழாயைப் பிடித்துக்கொள்கிறார். மற்றவர்கள் இருபுறமும். எந்த ஊசிக்குழாய் எங்கே செல்கிறது என்று முதலிலேயே வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்க்கிறார்கள். குழாயைப் பிடித்திருப்பவர் “ஒன்று, இரண்டு, மூன்று” என்று எண்ணும்வரை யாரும் அசையக்கூடாது, அவர் வயதில் இளையவராக இருந்தாலும். குழாய் நழுவினால் மிச்சமிருப்பது சில நிமிடங்களே.

கொரோனா காலத்தில் இதையெல்லாம் கவச உடைக்குள் இருந்துகொண்டு செய்ய வேண்டியிருந்தது. கண்ணாடியில் ஆவி படியும். யார் டாக்டர், யார் நர்ஸ் என்று தெரியாது. மார்பில் மார்க்கர் பேனாவால் பெயர் எழுதிக்கொண்டார்கள். இரட்டை மாஸ்க் வழியாக ‘ஃபிஃப்டீன்’ என்றால் ‘ஃபிஃப்டி’ என்றுதான் காதில் விழும். இதயத்தைத் தாங்கிப்பிடிக்கும் மருந்தில் அந்த வித்தியாசம் ஆளைக் கொல்லும். அதனால்தான் “ஒன்று, ஐந்து, பதினைந்து” என்று இலக்கம் பிரித்துச் சொல்வதும், கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்வதும் விதியாகியிருக்கிறது.

அதைவிட ஆபத்தான நேரம் ஷிப்ட் மாறும் நேரம். தலைமாட்டை 30 முதல் 45 டிகிரி உயர்த்தியே வைத்திருக்க வேண்டும், வாயைச் சுத்தம் செய்ய வேண்டும், எந்தப் பக்கம் முகம் திரும்பியிருந்தது, எப்போது சளி உறிஞ்சப்பட்டது என எல்லாமே கைமாற வேண்டும். ஒரு கண்ணி விட்டுப்போனால், நிமோனியாவோடு வந்தவருக்கு ஆஸ்பத்திரியே இன்னொரு நிமோனியாவைத் தந்துவிடும். இதற்கென ஒரு முறை உண்டு. அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களிலிருந்து மருத்துவத்துக்கு வந்தது: நிலைமை, பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை என்ற நான்கு தலைப்புகளில் தகவலைச் சொல்வது. நம் வார்டுகளில் நர்ஸ் முதல் மூன்றோடு நின்றுவிடுவது வழக்கம். “டாக்டர், உடனே வந்து பாருங்கள்” என்ற நான்காவதைச் சொல்வது அதிகப்பிரசங்கித்தனமாகக் கருதப்படும் இடங்கள் இன்னும் நிறைய.

பேச்சை நிர்வாகம் எப்படிப் பார்க்கிறது என்பதற்கு டில்லியே சாட்சி. 2021 ஜூன் 5ஆம் தேதி, டில்லி அரசின் ஜி.பி. பந்த் மருத்துவமனையில் நர்ஸ்கள் மலையாளம் பேசக்கூடாது. இந்தியோ ஆங்கிலமோதான் பேச வேண்டும், மீறினால் கடும் நடவடிக்கை என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் மறுநாளே வாபஸ். படுக்கையருகே எல்லோருக்கும் புரியும் மொழி வேண்டும் என்பதில் தவறில்லை. நோயாளிக்குத் தன்னைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்று தெரியத்தான் வேண்டும். ஆனால் ஒருங்கிணைந்து பேசப் பயிற்சி தருவது வேறு, மிரட்டல் சுற்றறிக்கை அனுப்புவது வேறு. பயந்தவர்கள் நான்காவது தலைப்பை ஒருநாளும் சொல்லமாட்டார்கள்.

வென்டிலேட்டரில் இருக்கும் ஒரு நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்பது ஏற்கப்பட்ட விதி. ஒருவரே மூன்று, நான்கு பேரைப் பார்க்க நேர்ந்தால் ஊசியும் மருந்தும் எப்படியோ நடந்துவிடும். முதலில் சுருங்குவது பேச்சுதான்: பத்து நிமிடம் எடுக்க வேண்டிய ஒப்படைப்பு இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும், குப்புறப் படுக்கவைக்க ஆள் சேராது.

வென்டிலேட்டருக்கு அலாரம் அடிக்கத் தெரியும். அடித்த பிறகு செய்ய வேண்டியதை மனிதர்கள்தான் செய்தாக வேண்டும். அடுத்த தணிக்கையில் இயந்திரங்களோடு, இரவு இரண்டு மணிக்கு அந்த வார்டில் எத்தனை நர்ஸ்கள் இருக்கிறார்கள் என்பதையும் யாராவது எண்ணட்டும்.