கருப்பையிற் கொலைகாரர் உளரோ?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, என்னிடம் உயர்தர வகுப்பில் உயிரியல் கற்ற பழைய மாணவர் ஒருவர் தம் மனைவியாருடன் எமது இல்லத்திற்கு வந்திருந்தார். மணமாகி ஆறு ஆண்டுகளில் மூன்று முறை கருத்தரித்து, மூன்று முறையும் மூன்றாம் மாதம் நிறையுமுன்னரே கரு கலைந்துவிட்டது. எவரோ கூறக் கேட்டு இரத்தப் பரிசோதனை ஒன்று செய்வித்திருந்தனர். "இயற்கைக் கொல்லிக் கலங்கள் அதிகம்" என்று அதன் அறிக்கை கூறியது. கணவர் அக்கடதாசியை என்னிடம் நீட்டினார். அதுவரை வாய் திறவாதிருந்த அப்பெண், "அப்ப, என்ரை உடம்புதானே சேர் பிள்ளையளைக் கொல்லுது?" என்று கேட்டார்.

நான் வைத்தியனல்லன், உயிரியல் படிப்பிக்கும் ஆசிரியன். ஆயினும் அக்கேள்விக்கு விடை கூறாது அவரை அனுப்ப மனம் ஒப்பவில்லை. அன்று கூறியவற்றையும் பின்னர் நூல்களைப் புரட்டித் தெளிந்தவற்றையும் இங்கு எழுதுகின்றேன். இக்கவலையுடைய குடும்பங்கள் நம்மிடையே பல. மூன்று முறை தொடர்ந்து கரு கலைந்தோர் நூறு தம்பதிகளுக்கு ஒரு தம்பதியர் என்பது வைத்திய நூல்கள் தரும் கணக்கு.

ஒருவருடைய தோலை மற்றொருவர் உடம்பில் ஒட்டினால், அது சில நாட்களிற் கருகி உதிர்ந்துவிடும். நமது நிர்ப்பீடனத் தொகுதி அந்நியப் பொருளை ஏற்பதில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தீக்காயமுற்றோரிடம் இதனை ஆராய்ந்து, 1960இல் நோபல் பரிசு பெற்றவர் பீற்றர் மெடவார் என்ற ஆங்கில அறிஞர். அவர் 1953இல் ஒரு வினாவை எழுப்பினார். சிசுவிற் பாதி தந்தையினுடையது. தாய்க்கு அது அந்நியம். அவ்வாறிருக்க, தோலைத் தள்ளும் உடல் சிசுவை ஒன்பது மாதம் தாங்குவது எங்ஙனம்? வினா அருமையானது. ஆயினும் அதன் பின்விளைவாக, தாயும் சிசுவும் பகைவர், கருப்பை ஒரு போர்க்களம், கருச்சிதைவென்பது உடன்படிக்கை முறிந்த நாள் என்றதோர் எண்ணம் ஆராய்ச்சியாளர் மனத்தில் வேரூன்றிவிட்டது.

1975இல் சுவீடன் நாட்டு ஸ்டொக்ஹோமிலும் அமெரிக்காவிலும், முன்பயிற்சி எதுவுமின்றியே புற்றுக்கலங்களை அழிக்கவல்ல ஒருவகை வெண்குருதிக் கலங்கள் கண்டறியப்பட்டன. அவற்றிற்கு "இயற்கைக் கொல்லிகள்" என்று பெயரிட்டனர். பின்னர் அவற்றின் இனத்தைச் சேர்ந்த கலங்கள் கர்ப்பிணிகளின் கருப்பையிலும் காணப்பட்டன. சிறிதளவன்று, கர்ப்பத்தின் தொடக்க மாதங்களிற் கருப்பை உட்சுவரிலுள்ள வெண்குருதிக் கலங்களுள் நூற்றுக்கு எழுபது வரை இவையே! தொட்டிலைச் சுற்றிக் கொலைகாரர் கூட்டம் நிற்கின்றதென்றால் எந்தத் தாய்தான் அஞ்சமாட்டாள்?

இங்கேதான் பெயர் நம்மை ஏமாற்றுகின்றது. கருப்பையிலுள்ளவை இரத்தத்திலுள்ளவற்றின் உறவினரேயாயினும் குணத்தால் வேறானவை. கொல்லும் வேலையில் அவற்றுக்கு நாட்டம் மிகக் குறைவு. அவை செய்வது யாது? நமது தோட்டக்காரர் கிணற்று நீரைப் பயிருக்குக் கொண்டுசெல்ல வாய்க்காலை அகல வெட்டுவதை யாவரும் கண்டிருப்பீர்கள். கருப்பைச் சுவரிற் சுருள் சுருளாக ஓடும் சிறு நாடிகள் இயல்பிலே ஒடுங்கியவை. சிசு வளர வேண்டுமாயின் அவை தளர்ந்து அகன்று, குருதி தாராளமாகப் பாயும் வாய்க்கால்களாதல் வேண்டும். சூல்வித்தகத்தின் கலங்கள் சுவரைத் துளைத்துச் சென்று இதனைச் செய்கின்றன. அவற்றுக்கு வழிகாட்டி, மண்ணை முன்னரே இளக்கிக் கொடுப்பவை இக்"கொல்லி"கள். கனடாவில் ஆன் குரோய் என்ற அம்மையாரும் அவர்தம் குழுவினரும் இக்கலங்களற்ற எலிகளை ஆராய்ந்தபொழுது, அவற்றின் கருப்பை நாடிகள் ஒடுங்கியபடியே இருக்கக் கண்டனர்.

கேம்பிரிட்ஜில் அஷ்லி மொஃபெற் அம்மையாரின் குழுவினர் இன்னும் ஒரு படி சென்றனர். தாயின் இக்கலங்களிலுள்ள வாங்கிகளும், சிசுவின் பக்கத்துக் கலங்கள் தந்தைவழி ஏந்திநிற்கும் அடையாளங்களும் சில குடும்பங்களிற் பொருந்தாது போகின்றன. தொடர் கருச்சிதைவுடன் தொடர்புபட்டதாக அவர்கள் கண்ட பொருத்தம் எது தெரியுமா? கலங்கள் அளவுமீறித் துள்ளியெழும் பொருத்தமன்று. அவை அடக்கப்பட்டுச் சோம்பிக் கிடக்கும் பொருத்தமே.

அப்படியாயின் கையிலுள்ள அறிக்கைக்குப் பொருள் என்ன? பெரிதாக ஒன்றுமில்லை. கையிலெடுத்த இரத்தத்தின் கலங்களைக் கொண்டு கருப்பையின் கலங்களை அளத்தல் இயலாது. மாடிப்படி ஏறினாலும், ஊசியைக் கண்டு அஞ்சினாலும் இரத்தத்தில் இவற்றின் தொகை ஏறும். ஐரோப்பிய மகப்பேற்று நிபுணர் சங்கத்தின் வழிகாட்டலும் இப்பரிசோதனைக்குப் போதிய ஆதாரம் இல்லையென்றே கூறுகின்றது.

தவறான எண்ணம் தவறான சிகிச்சைக்கு வழிவகுத்த கதையையும் கூறியாக வேண்டும். 1985இல் லண்டனில் மௌபிரே என்ற வைத்தியரின் குழுவினர், கணவரின் வெண்குருதிக் கலங்களைப் பிரித்தெடுத்து மனைவிக்கு ஊசிமூலம் செலுத்தினர். அவ்விதம் பெற்ற 22 பெண்களுள் 17 பேர் குழந்தை பெற்றனர். தம் சொந்தக் கலங்களையே பெற்ற 27 பேருள் 10 பேரே பெற்றனர். உலகெங்கும் ஆரவாரம்! பதினான்கு ஆண்டுகளாக எத்தனையோ தம்பதிகள் பொருளும் நம்பிக்கையும் செலவிட்டனர். 1999இல் அமெரிக்காவில் கரோல் ஓபர் அம்மையார் தலைமையில் மேலும் பெரியதோர் ஆய்வு வெளிவந்தது. கணவரின் கலங்களைப் பெற்ற 86 பேருள் 31 பேர் குழந்தை பெற்றனர். வெறும் உப்புநீரைப் பெற்ற 85 பேருள் பெற்றவர்களோ 41 பேர். 2002இல் அமெரிக்க அரசு, அனுமதி பெற்ற ஆராய்ச்சிக்கன்றி இச்சிகிச்சை ஆகாதெனத் தடுத்தது. முதல் ஆய்விற் சூழ்ச்சி ஏதுமிருந்ததாக நான் கூறவில்லை. சிறு தொகையினரை வைத்து எண்ணும்பொழுது தற்செயலும் உண்மைபோலத் தோன்றும். உயர்தர மாணவர் இக்கதையை ஊன்றிப் படித்தல் நன்று.

நிர்ப்பீடனத்திற்கும் கருச்சிதைவுக்கும் தொடர்பே இல்லையென எவரும் எண்ணற்க. சில பெண்களின் உடலில், பொஸ்போலிப்பிட் என்னும் கொழுப்புப் பொருளுக்கெதிரான பிறபொருளெதிரிகள் உண்டாகிச் சூல்வித்தகத்தைக் கெடுக்கின்றன. இது ஐயமற நிறுவப்பட்ட காரணம், பரிகாரமும் உண்டு. 1997இல் வெளியான லண்டன் ஆய்வொன்றில், இக்குறையுடையோருள் அஸ்பிரின் மட்டும் பெற்ற 45 பேரில் 19 பேரும், அஸ்பிரினுடன் ஹெப்பாரினும் பெற்ற 45 பேரில் 32 பேரும் பிள்ளை பெற்றனர். வைத்திய நிபுணரின் மேற்பார்வையின்றி இவற்றை ஒருவரும் தொடலாகாது. ஏனைய காரணங்களுள் தைரொயிட்டுக் கோளாறு, கருப்பையின் அமைப்புக் குறை, சிசுவின் நிறமூர்த்தப் பிழை என்பவை உள. நிறமூர்த்தப் பிழை பெரும்பாலும் தற்செயலாக நேர்வது. முட்டையாலும் நேரும், விந்தாலும் நேரும். மருமகளை மட்டும் நோக்கி மூச்செறியும் மாமியார்மார் இதனைக் கவனிப்பாராக.

காரணமே அகப்படாதோர் நிலை யாது? 2015இல் வெளியான ஆய்வொன்றில், அத்தகைய பெண்களுக்கு ஓமோன் மருந்தொன்று கொடுத்துப் பார்த்தனர். குறிப்பிடத்தக்க பயன் காணவில்லை. என்றாலும் மருந்தற்ற போலி மாத்திரை பெற்ற பகுதியிலே, 428 பேருள் 271 பேர் உயிருள்ள குழந்தையைப் பெற்றிருந்தனர்.

இவ்வெண்ணை நான் ஒரு கடதாசியில் எழுதிக் காட்டியபொழுது, அப்பெண் அதனை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இவையளுக்கு ஒரு மருந்தும் குடுக்கேல்லையோ?" என்று இருமுறை கேட்டார். பொஸ்போலிப்பிட் பரிசோதனைக்கு இப்பொழுது ஒருமுறை இரத்தம் கொடுத்துவிட்டனராம். குறைந்தது 12 கிழமைகள் சென்றபின் மீண்டும் ஒருமுறை பார்த்தாலன்றி அம்முடிவை உறுதியெனக் கொள்வதில்லை. இரண்டாம் முறைக்குரிய நாள் அடுத்த தவணை விடுமுறையில் வருகின்றது. கணவரும் உடன்செல்ல அதுவே வசதியென்று கூறிச் சென்றனர்.