மணல்மேட்டுக் குழுப் பயணம்

மணல்மேட்டுக் குழுப் பயணம் என்பது, நான்கு சக்கரங்களுக்கும் இழுவிசை செல்லும் வாகனங்கள் ஒரு வழிநடத்துநரின் பின்னால் வரிசையாகச் சென்று, சாலையில்லாத பாலைவன மணல்மேடுகளைக் கடக்கும் ஓட்டம் ஆகும். ஐக்கிய அரபு அமீரகத்தில் இது பரவலான வார இறுதிப் பொழுதுபோக்காக உள்ளது. சார்ஜா அமீரகத்தின் அல் பதாயர், மலீஹா ஆகியவை இதற்குப் பெயர்பெற்ற இடங்கள். அபுதாபியின் லிவா பகுதியிலுள்ள மிக உயர்ந்த மேடுகள் அனுபவசாலிகளுக்கு உரியவை. புதியவர்களுக்கான பயணங்களில் தாழ்வான மேடுகளே தேர்ந்தெடுக்கப்படுகின்றன. மணலின் போக்கை அறிவதும், வண்டி சிக்கினால் பதறாமல் மீள்வதும் இத்தகைய பயணத்தில் கற்க வேண்டிய முதன்மைப் பாடங்கள்.

வரலாறு

பிரித்தானிய இராணுவப் பொறியாளர் ரால்ஃப் பாக்னால்ட், 1920களின் பிற்பகுதியிலும் 1930களின் தொடக்கத்திலும் எகிப்து, லிபியப் பாலைவனங்களில் ஃபோர்டு கார்களில் பயணம் செய்தார். டயரின் காற்றைக் குறைத்து ஓட்டுவது, புதைந்த சக்கரத்தின் அடியில் எஃகுத் தகடுகளைச் செருகி வண்டியை வெளியேற்றுவது ஆகிய முறைகளை அவரது குழுவினர் பயன்படுத்தினர். காற்றில் மணல் நகரும் விதத்தைப் பற்றிய அவரது நூல் 1941இல் வெளியானது. இன்றைய பயணங்களின் அடிப்படை முறைகளும் இவையே.

மணல்மேட்டின் அமைப்பு

காற்று ஒரே திசையில் வீசும் இடங்களில் மணல்மேட்டின் இரு பக்கங்களும் ஒரே மாதிரி இருப்பதில்லை. காற்று மோதும் பக்கம் சாய்வு குறைந்தும் ஓரளவு இறுகியும் இருக்கும். மறுபக்கத்தில் முகட்டைத் தாண்டி விழும் மணல் தளர்வாகக் குவிகிறது. அதன் சாய்வு சுமார் 34 பாகை வரை செல்லும். அதற்கு மேல் உலர்ந்த மணல் நிற்காமல் சரிந்துவிடும். ஆகவே எளிதாக ஏறும் வண்டி, முகட்டைக் கடந்ததும் திடீரெனச் செங்குத்தான சரிவில் இறங்க நேரிடலாம். உச்சி வெயிலில் நிழல் விழாததால் பள்ளங்களும் முகடுகளும் பிரித்தறிய முடியாதபடி ஒன்றாகத் தோன்றும். காலையில் நிழல் தெளிவாக இருக்கும். பனி ஈரத்தால் மணலும் சற்று இறுகியிருக்கும். புதியவர்களுக்கு அதுவே ஏற்ற நேரம்.

டயரின் காற்றழுத்தம்

சாலையில் சுமார் 35 பிஎஸ்ஐ இருக்கும் அழுத்தம், மணலில் இறங்குமுன் பொதுவாக 12 முதல் 15 பிஎஸ்ஐ வரை குறைக்கப்படுகிறது. 2,000 கிலோ எடையுள்ள வண்டியில் ஒவ்வொரு சக்கரமும் சுமார் 500 கிலோவைத் தாங்குகிறது. டயர்ச் சுவரின் விறைப்பைக் கணக்கில் எடுக்காவிட்டால், 35 பிஎஸ்ஐ அழுத்தத்தில் ஒரு டயர் தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 200 சதுர சென்டிமீட்டர். 15 பிஎஸ்ஐயில் அது 470 ஆகிறது. எடை பரவுவதால் டயர் மணலை வெட்டி இறங்காமல் மேலே மிதந்து செல்கிறது. ஆனால் காற்று குறைந்த டயர், வேகத்தில் ஸ்டியரிங்கைச் சட்டெனத் திருப்பினால் சக்கர விளிம்பிலிருந்து கழன்றுவிடக்கூடும். சாலைக்குத் திரும்புமுன் மீண்டும் காற்றடிக்க வேண்டியிருப்பதால் கம்ப்ரசர் கட்டாயம் தேவை.

வரிசை ஒழுங்கு

முன்னால் வழி தெரிந்தவரும், கடைசியில் அனுபவமுள்ள இன்னொருவரும் செல்வர். புதியவர்கள் வழிநடத்துநருக்கு அடுத்து வைக்கப்படுவது வழக்கம். அனைவரும் வாக்கி டாக்கியில் தொடர்பில் இருப்பர். மேட்டுக்கு அப்பாலிருந்து வருபவர்களுக்குத் தெரியும்படி, வண்டியின் உயரத்தைத் தாண்டும் கம்பத்தில் கொடி கட்டப்படுகிறது. முன்வண்டி முகட்டைக் கடந்து விலகியதாகத் தெரிவிக்கும் வரை அடுத்த வண்டி ஏறக்கூடாது. இந்த ஒரு விதியை மீறினால், மறுபக்கம் சிக்கி நிற்கும் வண்டியின் மேல் பின்வண்டி பாய்ந்துவிடலாம். பின்னால் வருபவர் கண்ணில் படாவிட்டால் நின்று தகவல் சொல்வதும் ஒவ்வொருவரின் பொறுப்பு.

ஓட்டும் முறை

மேட்டில் நேராக ஏற வேண்டும். முகட்டை நெருங்கும்போது வேகத்தைக் குறைக்க வேண்டும். ஏற்றத்தில் வண்டி நின்றுவிட்டால் அங்கேயே திருப்பக்கூடாது. திருப்பினால் பக்கவாட்டில் உருளும். ரிவர்ஸ் கியரில் வந்த தடத்திலேயே நேராக இறங்குவதே பாதுகாப்பானது. சரிவில் வண்டி பக்கவாட்டாக வழுக்கினால் ஸ்டியரிங்கைச் சரிவின் கீழ்நோக்கித் திருப்பி, ஆக்சிலரேட்டரை மெதுவாக அழுத்த வேண்டும். சமதளத்தில் பிரேக்கை அழுத்தி நிறுத்தினால் சக்கரங்களின் முன் மணல் குவியும். வண்டியைத் தானாக நிற்கவிட்டால் மீண்டும் கிளம்புவது எளிது.

சிக்கிய வண்டியை மீட்டல்

புதியவர்கள் பெரும்பாலும் செய்யும் தவறு, வண்டி நின்றதும் ஆக்சிலரேட்டரை மேலும் அழுத்துவது. சக்கரம் சுழலச் சுழல வண்டியின் அடிப்பாகம் மணலில் அமர்ந்துவிடும். உடனே நிறுத்தி, வாக்கி டாக்கியில் சொல்லி, மண்வெட்டியால் மணலை அகற்றினால் பல வண்டிகள் இழுக்காமலே வெளியேறும். கயிறு கட்டி இழுப்பதாயின், வண்டியில் அதற்கென உள்ள உறுதியான கொக்கியில் மட்டுமே கட்ட வேண்டும். டிரெய்லர் மாட்டும் குமிழில் கட்டினால் அது முறிந்து பாய்ந்து உயிரைப் பறிக்கக்கூடும். இழுக்கும்போது மற்றவர்கள் கயிற்றின் நீளத்தைவிடக் கூடுதலான தொலைவில் நிற்க வேண்டும்.

வெப்பமும் சூழலும்

கோடையில் அமீரகத்தின் வெப்பநிலை 45 பாகை செல்சியசைத் தாண்டுவதால், அக்டோபர் முதல் ஏப்ரல் வரையே பயணங்கள் அதிகம் நடைபெறுகின்றன. போதிய குடிநீர் எப்போதும் இருக்க வேண்டும். வழி தவறினால் வண்டியை விட்டு நடந்து செல்லக்கூடாது. வண்டி நிழல் தரும், தேடுவோரின் கண்ணுக்கும் எளிதில் படும். அமீரகத்தின் தேசிய மரமான காஃப், தமிழில் வன்னி என்று அழைக்கப்படும் மரமே. அதையும் பாலைவனப் புதர்களையும் சக்கரத்தால் சிதைக்காமல் செல்வதும், குப்பையைத் திரும்ப எடுத்துவருவதும் குழு விதிகளில் அடங்கும்.

பாலைவனத்தில் தனி வண்டியில் செல்வதே மிகப் பெரிய ஆபத்து. சிறிய சிக்கல்கூட இழுக்க இன்னொரு வண்டி இல்லாதபோது உயிராபத்தாக மாறலாம். எனவே குறைந்தது இரண்டு வண்டிகளாவது சேர்ந்து செல்ல வேண்டும் என்பதே அனுபவசாலிகள் புதியவர்களுக்குக் கூறும் முதல் விதி.