நாம் போட்ட ஊசி யார் கையில் ஏறுகிறது?

காலையில் விசில் சத்தம் கேட்டதும் குப்பை வாளியை வாசலில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறோம். நமக்கு வேலை அத்தோடு முடிந்தது. வண்டியோடு வந்த தூய்மைக் காவலருக்கு அங்கேதான் தொடங்குகிறது. நாம் பிரிக்காமல் கொட்டியதை அவர் கையால் கிளறிப் பிரிக்கிறார். இன்சுலின் ஊசி, உடைந்த கண்ணாடி டம்ளர், சவர பிளேடு, மிச்ச ஆசிட்டோடு மூடி கழன்ற பாட்டில் எல்லாம் அந்தக் கைக்கே போகின்றன.

அந்தக் கை யாருடையது என்பதும் ஊருக்குத் தெரியும். ஊராட்சியானாலும் நகராட்சியானாலும் இந்த வேலையில் இருப்போரில் பெரும்பாலோர் அருந்ததியர் உள்ளிட்ட தலித் மக்கள், பெண்கள் ஏராளம். அரசியல் சட்டத்தின் 17-வது பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டது. ஆனாலும், நாம் தொடக் கூசுவதை இன்னார்தான் தொட வேண்டும் என்ற எண்ணம் குப்பை வாளியில் இன்னும் தங்கியிருக்கிறது.

பிரித்துத் தருவது வீட்டுக்காரரின் கடமை என்று 2016-ம் ஆண்டு திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொல்லிவிட்டன. மக்கும் குப்பை, மக்காத குப்பை, அபாயகரமான வீட்டுக் குப்பை என அந்த விதிகள் மூன்று வகையாகப் பிரித்தன. பேட்டரி, டியூப் லைட், காலாவதியான மாத்திரை, பூச்சிமருந்து டப்பா, ஊசி ஆகியவை அவற்றில் மூன்றாவது வகையில் வந்தன. நாப்கினைத் தாளில் நன்றாகச் சுற்றித் தர வேண்டும்.

ஊசியைக் கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டு மூடியை இறுக்குங்கள். உடைந்த கண்ணாடியைச் செய்தித்தாளில் பல மடிப்பாகச் சுற்றி, மேலே 'கண்ணாடி' என்று எழுதுங்கள். டியூப் லைட்டில் பாதரசம் உண்டு. உடைக்காமல் தனியே கொடுங்கள். கழிப்பறை ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும். பூச்சிமருந்து பாட்டிலை மூன்று முறை அலசி, அந்தத் தண்ணீரைத் தெளிப்பான் டேங்கிலேயே ஊற்றுங்கள். பிறகு பாட்டிலில் ஓட்டை போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் யாராவது அதில் குடிதண்ணீர் பிடிப்பார்கள்.

ஊசி குத்தினால் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் கழுவி, உடனே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். 2 மணி நேரத்துக்குள் என்றால் மிக நல்லது. அன்றைய கூலி போய்விடுமே என்று குத்தியதைச் சொல்லாமல் மறைக்கும் நிலை எந்தப் பணியாளருக்கும் வரக் கூடாது.

ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 நாள்களில் கிராம சபை கூடுகிறது. கையுறை, பூட்ஸ், டெட்டனஸ், ஹெபடைடிஸ்-பி தடுப்பூசிகள், அபாயக் குப்பைக்கு வண்டியில் தனிப் பெட்டி என இவற்றைத் தீர்மானமாக எழுதச் சொல்லி நாம் கேட்போம். மாணவர்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம். நாளைக் காலை விசில் சத்தம் கேட்கும் முன், உங்கள் வீட்டு வாளியை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.